அப்பாவுக்கு நான் வைத்த காவல்

2.10.2006, திங்கள்

காந்தி ஜெயந்தி. விருத்தாசலத்தில் எல்லா ஒயின் ஷாப்பும் மூடல். அதனால் எனக்கும் இன்று லீவு. பள்ளிக்கூட லீவைச் சொல்லவில்லை, அப்பாவைக் காவல் காக்கிற வேலையைச் சொல்கிறேன். காந்தி வருடத்துக்கு ஒரு தடவைதான் பிறக்கிறார், அதுதான் அவரிடம் எனக்கிருக்கும் ஒரே குறை.

அப்பா மே மாதம் ஞானஸ்நானம் எடுத்தார். மணிமுத்தாற்றில் வெறும் மணல், அதனால் பாஸ்டர் வீட்டுச் சிமெண்டுத் தொட்டியில். தண்ணீரில் இறங்கி ‘தண்ணி’யை விட்டு ஏறினார் என்று சொன்னதற்கு அம்மா என் தலையில் நறுக்கென்று குட்டினாள். அன்றிலிருந்து அவர் தொடவில்லை.

அம்மா ஜெபிக்கிறாள். நான் ஆகவேண்டியதைப் பார்க்கிறேன். வீட்டில் இரண்டு டிபார்ட்மெண்ட்.

7.10.2006, சனி

வாரச் சம்பள நாள். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்ததும் காயின் போனிலிருந்து அப்பா வேலை செய்யும் பீங்கான் கம்பெனிக்கு அடித்தேன். பாஸ்டரம்மா குரலில்தான். “பிரதர், ஸ்தோத்திரம். நேரா வூட்டுக்குப் போங்க பிரதர். ஆண்டவர் உணர்த்துனாரு.” பக்கத்தில் என் கிளாஸ் துர்கா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

அப்பா நேராக வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல் சட்டையை முகர்ந்து பார்த்தேன், வெறும் வியர்வைதான். ஆண்டவர் உணர்த்தினாரோ இல்லையோ, ஒரு ரூபாய் உணர்த்திவிட்டது.

8.10.2006, ஞாயிறு

சபைக்குச் சென்னையிலிருந்து ஒரு பிரசங்கியார். பீங்கான் ஊர் என்று கேள்விப்பட்டால் போதும், எல்லாரும் ஆண்டவர் குயவன், நாம் களிமண் என்றுதான் பிரசங்கம். அப்பா கம்பெனியில் சக்கரமே கிடையாது. கூழை அச்சில் ஊற்றி, கரண்டுப் பெட்டியில் மாட்டுகிற ஃபியூஸ் கேரியர் செய்கிறார்கள். “அப்ப நாம எல்லாம் ஃபியூஸ் கேரியராப்பா?” என்று காதில் கேட்டேன். அப்பா பைபிளால் வாயை மூடிக்கொண்டார்.

ஆராதனை முடிந்ததும் வந்தது ஆபத்து. அப்பா பாஸ்டரம்மாவிடம் போய், “நேத்து போன் பண்ணீங்களே சிஸ்டர், சரியா அப்பத்தான் மனசு ஆடிக்கிட்டு இருந்துச்சு” என்றார். பாஸ்டரம்மா என்னைப் பார்த்தார். “கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்று மட்டும் சொன்னார்.

செருப்பு மாட்டும்போது பிடித்துக்கொண்டார். “என் குரல் அவ்ளோ மூக்காலயா இருக்குது?”

“கொஞ்சம்தான் ஆன்ட்டி.”

“இனிமே நானே பண்றேன். பாஸ்டரும் போய்ப் பாப்பாரு. நீ போய்ப் படி எப்சி.”

சரி என்று தலையாட்டினேன். ஆனால் அவர்களுக்கு ஆயிரம் வீடு, மறந்துபோவார்கள். எனக்கு ஒரு அப்பாதான்.

12.10.2006, வியாழன்

தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் தீபாவளி போனஸ்.

19.10.2006, வியாழன்

போனஸ் வாங்கினால் ஜங்ஷன் ஒயின் ஷாப் பக்கம் போகலாம் என்று கம்பெனிச் சூளை ஆட்கள் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அம்மாவிடம் அவரே சொன்னார். ஏன் சொன்னார்? பயமா? விடு. என்னிடம் திட்டம் இருந்தது. மதியம் கம்பெனிக்கு ஓடிப்போய் அப்பா சைக்கிளின் வால்வு டியூபைக் கழற்றி எடுத்துவிட்டேன். சைக்கிள் இல்லாமல் எங்கே போவார்? வாசலிலேயே நிற்பார். நான் துர்கா சைக்கிளில் போய்க் கூட்டிவருவேன்.

சாயங்காலம் கணக்கு கிளாஸ். நான் வாசலையே பார்ப்பதைக் கண்டு சார், “எங்கம்மா போவணும் உனக்கு?” என்றார். “கணக்குக்குள்ளதான் சார் போவணும். கதவு எந்தப் பக்கம்னு தேடுறேன்.” கிளாஸே சிரித்தது. கடைசி வரைக்கும் வெளியில் நிற்க வைத்துவிட்டார்.

நான் போனபோது கம்பெனி கேட் பூட்டியிருந்தது. சைக்கிள் மட்டும் சுவரில் சாய்ந்து நின்றது.

அப்பாவை இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்தார்கள். அம்மா பாயை விரித்தாள்.

20.10.2006, வெள்ளி

நாந்தான். நாந்தான். வாயை வச்சிக்கிட்டு சும்மா இருந்திருந்தா என்ன?

22.10.2006, ஞாயிறு

அப்பா சபைக்கு வரவில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கம்பெனியிலிருந்து தள்ளிக்கொண்டே வந்தாராம்.

“வால்வு டியூபு எங்கடி?”

ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“தெனம் அந்தக் கடைகிட்ட வரும்போது, ‘ஆண்டவரே, என்னால ஆவாது, நீங்க தாண்ட வையுங்க’ன்னு சொல்லிக்கிட்டே வேகமா மிதிச்சிடுவேன். அன்னிக்கு நடந்து வந்தேன். அவனுங்க தோள்ல கையப் போட்டானுங்க. ஆண்டவர்கிட்ட கேக்குறதுக்குள்ள கடைக்குள்ள இருந்தேன்.”

அப்பா டியூபை வால்வில் மாட்டினார்.

“நீ பண்ணதால குடிச்சேன்னு சொல்லல. குடிச்சது நான். ஆனா நீ எத்தினி நாளைக்குடி காவல் நிப்ப? கட்டிக் குடுத்தா சீதனமா என்னையும் கூட்டிக்கிட்டுப் போவியா?”

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அழுதுவிட்டேன். அவர் தாண்டியதெல்லாம் என் சாமர்த்தியம் என்று இருந்தேனே. நான் காவல் நிற்காத நாட்களில் அவரைத் தாண்ட வைத்தது யார்?

25.10.2006, புதன்

அம்மாவிடம், எல்லாத்தையும் ஆண்டவர்கிட்ட விட்டுட்டு எப்படித் தூங்குற என்று கேட்டேன். “எங்க தூங்குறேன்? விட்டுட்டு, திரும்பப் போய் எடுத்துக்கிட்டு, மறுபடியும் விடுறேன்” என்றாள்.

28.10.2006, சனி

சம்பள நாள். மழை. காயின் போன் வரைக்கும் போய், பாதி நம்பரை அமுக்கி, வைத்துவிட்டேன். திரும்பும் வழியெல்லாம் கால் பின்னாலேயே இழுத்தது.

இருட்டியும் அப்பாவைக் காணோம். குடையை எடுத்தேன். வைத்தேன். அம்மா முழங்காலில் இருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். யூத் மீட்டிங்கில் எதுகை மோனையோடு ஜெபித்துக் கைதட்டு வாங்குகிற வாய் இது. ஒரு வார்த்தை வரவில்லை. ‘நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன். என்னால முடியல. நீங்க பாத்துக்குங்க.’ அவ்வளவுதான் வந்தது. மனசு அடங்கியதா? இல்லை. பல்லி கத்தினால்கூட வாசலைப் பார்த்தேன்.

29.10.2006, ஞாயிறு

நேற்று அப்பா தொப்பலாக நனைந்து வந்தார். பாஸ்டர் வீட்டில் இருந்தாராம். “இன்னிக்குக் கடைகிட்ட சைக்கிளே அந்தப் பக்கம் திரும்பிடுச்சு. பயந்துபோய் அவங்க கதவத் தட்டிட்டேன். கஞ்சி குடுத்தாங்க. ஜெபம் பண்ணாங்க. மழை விடட்டும்னு உக்கார வச்சிட்டாங்க, விடவே இல்ல” என்றார். அவர் இதுவரை யார் வீட்டுக் கதவையும் தட்டியதில்லை.

காலையில் அவர் எழுப்பித்தான் எழுந்தேன். அவருடைய ஈரச் சட்டையை இரவே வாங்கி வாளியில் போட்டிருக்கிறேன். முகர்ந்து பார்க்கவில்லை என்பது இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.