ஒத்திகைக்கு ஓர் இடம்

இன்று காலை கலை மன்றத்தின் பழைய அலமாரியைக் காலி செய்தோம். பூஞ்சை வாடை அடித்த கோப்புகளுக்கு நடுவே நீ எழுதிய மனு கிடைத்தது. நீலப் பேனா, இடப்பக்கம் சாயும் உன் கையெழுத்து. வாரத்தில் இரண்டு மாலை, மன்ற மண்டபத்தில் நாடக ஒத்திகை பார்க்க அனுமதி வேண்டும். அவ்வளவுதான் கேட்டிருந்தாய். கீழே 'பரிசீலிக்கப்படும்' என்று எழுதியிருப்பது நான். செயலாளர் நான்தானே.

செங் வட்டாரத் தொழிற்சாலையில் உன்னோடு வேலை பார்த்த ஆறு பெண்களைச் சேர்த்துக்கொண்டு அந்த நாடகத்தை உருவாக்கினாய். கழிவறைக்குப் போவதற்கும் சூப்பர்வைசரிடம் அனுமதி அட்டை வாங்க வேண்டிய பெண்களின் கதை. சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் பேசியதையெல்லாம் வசனமாக்கியிருந்தாய். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம் என்பதால் முதலில் என்னிடம்தான் படிக்கக் கொடுத்தாய். சிரித்துக்கொண்டே தொடங்கினேன். முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

கூட்டத்தில் தலைவர் மனுவைப் புரட்டிவிட்டு, "நாடகம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஃபேக்டரிக்காரங்க மனசு கோணும்லா. நம்ம விழாவுக்கு இவங்களக் கும்மி ஆடச் சொல்லுங்க, அது போதும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் குனிந்து குறிப்பு எழுதினேன்.

"அடுத்த கூட்டத்துல பாக்கலாம்டி" என்று உன்னிடம் சொன்னேன்.

"அந்த மண்டபத்துல யாருடி இருக்கா? பல்லிதானே? கொஞ்சம் நகர்ந்து எடம் குடுக்காதா?" என்று சிரித்தாய்.

பிறகு மூன்று கூட்டங்கள் நடந்தன. மனு அலமாரியிலேயே இருந்தது. நீங்கள் வேலை முடிந்து கிளேபாங் கடற்கரைக்குப் போய் ஒத்திகை பார்த்தீர்கள். ஒரு சனிக்கிழமை நானும் வந்தேன். கடைகளின் இரைச்சல் ஒரு பக்கம், காற்று ஒரு பக்கம். பாதி வசனம் உங்கள் வாயைத் தாண்டவில்லை. "சத்தமாப் பேசுங்கடி, கடைசி வரிசைக்குக் கேக்கணும்" என்று நீ கத்திக்கொண்டே இருந்தாய்.

"தொண்ட என்னாடி இப்படிக் கம்மிப்போச்சு?" என்று கேட்டேன்.

"கடல்காத்துகிட்ட கத்தினா வேற எப்படி இருக்கும்?"

நானும் நம்பினேன். எல்லோருமே நம்பினோம். மாதக் கணக்காக.

விழாவுக்குக் கும்மி ஆட ஒப்புக்கொண்டாய். முடிந்ததும் நாடகத்தின் ஒரே ஒரு காட்சி, ஐந்து நிமிடம் என்பது உன் நிபந்தனை. விழாவுக்கு அழைத்திருந்த பிரமுகர் தாமதமாக வந்தார். நீங்கள் ஏழு பேரும் பட்டுச் சேலையில் கார் நிறுத்துமிடத்து வெயிலில் காத்துக் கிடந்தீர்கள். கும்மி முடிந்த கையோடு மைக்கை அணைத்துவிட்டார்கள். அப்படியும் நீ முன்னால் வந்து முதல் வசனத்தைச் சொன்னாய். உன் கரகரத்த குரல் முதல் வரிசைக்குக்கூட எட்டவில்லை. மைக்கின் பக்கத்தில்தான் நான் நின்றேன். கை நீட்டினால் தொடும் தூரம்.

அடுத்த மாதம் மருத்துவர் தொண்டையில் கட்டி என்றார். "இவ்வளவு நாள் ஏன் வரல?" என்று அவர் கேட்டபோது நீ என்னைப் பார்க்கவில்லை. நான்தான் உன்னைப் பார்க்க முடியாமல் தலை குனிந்தேன். அறுவை சிகிச்சை உன் குரலை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு நோட்டில் எழுதித்தான் பேசினாய்.

ஒரு மாலை அந்த நோட்டில் எழுதி என் பக்கம் திருப்பினாய்: 'என் மனு வந்த கூட்டத்துல நீ என்னா சொன்ன?'

"ஒண்ணும் சொல்லலடி."

காரணம் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாய். மெதுவாக நோட்டை மூடினாய். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

உன் சாவுக்கு மன்றத்தின் பெயரில் பெரிய மலர்வளையம் வந்தது. அடுத்த கூட்டத்தில் தலைவர், "அந்தம்மாவுக்கு நம்ம மண்டபத்துலயே நினைவு அஞ்சலி வைப்போம், பெரிய படம் ஒண்ணு மாட்டலாம்" என்றார். அன்றுதான் எழுந்தேன். உயிரோடு இருந்தபோது வாரம் இரண்டு மாலை தராத இடத்தில் படம் எதற்கு என்று கேட்டேன். மண்டபத்தை அந்தப் பெண்களுக்குத் திறந்துவிடுங்கள், இனி எந்தக் கலைஞர் என்ன கேட்டு வந்தாலும் அடுத்த கூட்டத்துக்குள் ஆமாம் அல்லது இல்லை என்று பதில் சொல்லுங்கள் என்றேன். யாரும் எதிர்க்கவில்லை. ஐந்து நிமிடத்தில் தீர்மானம் நிறைவேறியது. அவ்வளவு எளிதாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது செவ்வாயும் வியாழனும் ஒத்திகை நடக்கிறது. ஆறு பேரில் மூன்று பேர்தான் வருகிறார்கள். கதவைத் திறந்துவிட்டு நான் படிக்கட்டில் உட்கார்ந்துகொள்வேன். போன வாரம் தண்ணீர் பாட்டில்களோடு உள்ளே போனேன். மூவரில் மூத்தவளான பாப்பா அக்கா, "வேணாம்மா, நாங்களே கொண்டாந்துட்டோம்" என்று முகம் பார்க்காமல் சொன்னாள். அவர்களிடம் நான் வேறு எதை எதிர்பார்க்க முடியும்?

கூட்டங்களில் இப்போது முதலில் பேசுகிறவள் நான்தான். எனக்குத் துணிச்சல் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். துணிச்சல் இல்லையடி, வெட்கம். யாரிடமும் இறக்கிவைக்க முடியாத வெட்கம். அதோடுதான் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நிற்கிறேன்.