பீரோவில் பூட்டிய போன்

ஆனி 12, வியாழன்

என் வீட்டுக்காரருடைய பழைய போனைச் சாரலில் நனையாமல் முந்தானையில் பொதிந்து, குற்றாலத்திலிருந்து தென்காசிக் கடைக்குக் கொண்டுபோனேன். போனும் கையடக்கக் கம்ப்யூட்டரும் சேர்ந்த மாடல். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு, அதன் திரையில் குச்சிப்பேனாவால் எழுதித்தான் என்னோடு பேசினார். எழுதியதில் ஒன்றையும் அவர் அழிக்கவில்லை. வருஷத் திவசம் கழியும்வரை அவர் பொருளைத் தொடக்கூடாது என்று மதினி சொன்னதால் பீரோவில் பூட்டியிருந்தேன்.

கடைக்காரர் சார்ஜ் ஏற்றினார். திரை வந்தது. ஓர் எழுத்துகூட இல்லை.

"பழைய மாடல்லா அக்கா, பேட்டரி முழுசா இறங்கிட்டா உள்ள இருக்கது எல்லாம் அழிஞ்சிரும். இவ்வளவு நாளா சார்ஜே போடலியா?"

"பத்திரமாத்தான் வச்சிருந்தேன்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள், சார்ஜரை எடுத்து என் கையில் வைத்து அழுத்தினார். அதையும் சேர்த்துத்தான் பூட்டினேன்.