மூன்று முறை பூட்டியிருந்த வீடு

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரை போடுகிறாரா, இல்லை வழக்கம்போல் டிமிக்கி கொடுக்கிறாரா? நான் நன்றாக இருக்கிறேன்.

இந்த ஊர் வாழத் தோதான ஊரா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவதுதான் இப்போது என் வேலை. ஒரு காலத்தில் இங்கே பஞ்சாலை இருந்ததாம். சங்கு ஊதினால் தெருவே நிறையுமாம். ஆலை மூடியதும் பக்கத்துப் பெருநகரத்தில் வேலை பார்ப்பவர்கள் வாடகைக்கு வந்துவிட்டார்கள். தண்ணீர் உண்டு, பூங்கா உண்டு, காற்றும் நல்ல காற்று. காலை எட்டு மணி ரயில் போய்விட்டால் ஆள்தான் கிடையாது.

மூன்று முறை போயும் வீடு பூட்டியிருந்தால், கதவில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுவிட்டு, 'யாரும் குடியில்லை' என்று எழுதிவிட வேண்டும்.

நேற்று வீட்டுக்கு வந்தால், என் கதவிலேயே பெருக்கல் குறி! எங்கள் தெருவுக்கு, என்னோடு வேலை பார்க்கும் பெண்தான் பொறுப்பு. போன் பண்ணினேன்.

"ஐயோ, அது உங்க வீடாக்கா? மூணு தடவை வந்தேன், பூட்டியே இருந்துச்சு. பக்கத்து வீட்டுல கேட்டேன், அங்க யாரும் இல்லைன்னுட்டாங்க."

எட்டு மாதமாகப் பார்க்கும்போதெல்லாம் நான் சிரிக்கிற பக்கத்து வீடு, அம்மா. போனில் அந்தப் பெண்ணோடு சேர்ந்து நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். குறியை இன்னும் அழிக்கவில்லை, சோம்பல்தான்.

என் பழைய போர்வையை அனுப்பிவை. ஆபீசுக்கு வேண்டாம், வீட்டு முகவரிக்கே போடு. சனிக்கிழமை வந்து சேருகிற மாதிரி பார்த்துக்கொள். அன்றைக்கு எனக்கு லீவு. தபால்காரர் தட்டினால் திறக்க நான் இருப்பேன்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டவர்கள் மாதிரி நானும் ஓடுகிறேன்.

உன் மகள்