அவர் வெளியே போன நாள்

12 ஜூன் 1967, திங்கள். ஷாதிபூர்

மழை விடவில்லை. இவரைக் குளிப்பாட்டி, வெட்டுண்ட தொடைக்கு மருந்து போட்டு, கட்டிலில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தால் இடுப்பு விட்டுப்போகிறது. எல்லையில் கண்ணிவெடி வலது காலை எடுத்து ஒன்றரை வருஷம். பட்டாளத்தில் லாரி மெக்கானிக்காக இருந்தவர். என் அண்ணன் கடல் தாண்டி இந்தத் தீவில் மராமத்து இலாகாவில் இருப்பதால் அவன் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தோம். வந்ததிலிருந்து இவர் வாசலைத் தாண்டவில்லை.

15 ஜூன்

இவர் நாள் முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தார். சோற்றுத் தட்டை அப்படியே எடுத்து வந்தேன்.

20 ஜூன்

"அடுத்த கப்பல்ல நீ மெயின்லேண்ட் போயிரு, சுசீலா" என்றார்.

"போயி?"

"என்னமோ பண்ணு. என் மூத்திரச்சட்டி தூக்கவா உன்னைக் கட்டிக் குடுத்தாங்க?"

"ஆமா, அதுக்குத்தான். இப்ப என்ன?"

கத்திவிட்டேன். அண்ணி வரைக்கும் கேட்டிருக்கும். ஏன் அப்படிச் சொன்னேன்? மனசு வெறுத்து ஏதாவது பண்ணிக்கிட்டா?

21 ஜூன், புதன்

ரேஷன் வாங்கித் திரும்பினால் கட்டில் காலி. கக்கத்துக் கட்டைகளும் இல்லை. கடல்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

எதிர்வீட்டு சம்சாத் அக்கா, "ஹேடோ துறைமுகம் போற லாரியில ஏறுனாருடி, நான் பாத்தேன்" என்றார். ஓடினேன்.

துறைமுக வாசலில் கும்பல். நடுவில் ஒரு லாரி. அதன் அடியிலிருந்து ஒற்றைக் கால் நீட்டிக்கொண்டிருந்தது — இவர் கால்.

அடியிலிருந்து குரல் வந்தது: "அரே பாய், சோட்டா ஸ்பேனர் தோ. சின்ன ஸ்பேனர் குடுன்னு எத்தனை தடவை சொல்றது?"

ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வழியெல்லாம் வண்டி இருமிக்கொண்டே வந்து அங்கே நின்றுவிட்டதாம். டிரைவர் ராஜமாணிக்கம் தடுக்கத் தடுக்க இவர் இறங்கிப் படுத்துவிட்டாராம்.

வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ்.

"உனக்கு டிக்கெட் கேக்கத்தான் வந்தேன்."

"கேட்டீங்களா?"

"எங்க? இது நின்னுபோச்சே."

சிரித்தேனா அழுதேனா, தெரியவில்லை. அடிக்கலாம் போல இருந்தது.

3 ஜூலை

தினமும் காலையில் ராஜமாணிக்கம் வந்து இவரை லாரிப் பட்டறை வேலைக்கு ஏற்றிப் போகிறார். குளிக்கும்போது இவர் என்னை வெளியே நிற்கச் சொல்கிறார். நிற்கிறேன். தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கிறது.

9 ஜூலை, ஞாயிறு

மத்தியானம் சும்மா கண்ணை மூடினேன். எழுந்தபோது விளக்கு வைக்கும் நேரம். யாரும் எழுப்பவில்லை. இவர் ஸ்டூலில் உட்கார்ந்து சோறு வடித்து வைத்திருந்தார். குழைந்துபோயிருந்தது. இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன்.