அங்கி அறையில் மூடாத மைக்

நவம்பர் 9, ஞாயிறு, காலை 8.40. நீ போய் நாற்பத்துநாலு நாள். தேவாலயத்து ஒலி மிக்சருக்கு முன்னால் உன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருக்கிறேன். அதன் பஞ்சில் இன்னும் உன் தலையெண்ணெய் மணக்கிறது.

ஆராதனைக்கு இருபது நிமிடம். போதகர் வழக்கம்போல் அங்கியில் குத்திய மைக்கை நிறுத்தாமல் அங்கி அறைக்குள் போய்விட்டார். ஒலிபெருக்கியில் வராது, இந்த ஹெட்போனில் மட்டும் வரும். யாராவது அவரிடம் அழுதுகொண்டு போனால் நீ உடனே மிக்சரில் அந்த மைக்கின் சனலை மூடிவிடுவாய். "என்னடா கதைச்சாங்க?" என்று நான் நச்சரிப்பேன்.

"அது நமக்கு வந்த கதை இல்ல மச்சான். உன்ட நாக்குக்காக வாராவாரம் ஜெபிக்கிறன். ஆண்டவருக்கே அலுத்திருக்கும்" என்பாய்.

இன்று கேட்டது உன் அம்மாவின் குரல். என் கை மூடவில்லை.

"நெஞ்சுக் கிளினிக் துண்டு மகன்ட சேட்டுப் பைக்குள்ள கிடந்தது ஐயா. கூட்டிப் போனது மிக்சரில இருக்கிற இவன்தானாம். ஊருக்கெல்லாம் வாய் காட்டுறவன், என்னட்ட ஒரு சொல்லுச் சொன்னானா?"

அதன் பிறகுதான் மூடினேன்.

அன்று கிளினிக்கிலிருந்து திரும்பும் வழியில் கல்லடிப் பாலத்தில் பைக்கை ஓரங்கட்டச் சொன்னாய். நெஞ்சைப் பிடித்தபடி, "அம்மாட்டச் சொல்லாத. ஞாயிறு முடியட்டும், மறுகா நானே சொல்றன்" என்றாய். வெள்ளிக்கிழமையே நெஞ்சு நின்று போய்விட்டாய்.

பிரசங்கம் நீளம் என்று போதகரின் முகத்துக்கு நேரே சொன்னவன் நான். ஒரே ஒரு முறை வாயை அடக்கினேன். அது அடக்கக் கூடாத இடம். இப்போது, 'அவன்தான் சொல்ல வேணாம் எண்டான்' என்பது நாக்கு நுனியில் நிற்கிறது. சொன்னால் நான் தப்புவேன். மகன் தன்னிடம் மறைக்கச் சொன்னான் என்பது மட்டும் அம்மாவுக்கு மிஞ்சும்.

அம்மா வந்து மூன்றாம் வரிசை வாங்கில் இருந்துவிட்டா. என்னைத் திரும்பிப் பார்க்கிறா. என்னால் எழுந்து போகவும் முடியாது. மணி அடிக்கிறது, இந்த மிக்சரைத் தெரிந்தவன் இப்போது நான் மட்டும்தான்.

இனிச் செய்வது:

1. மைக் திறந்திருந்தது, நான் கேட்டேன் என்று போதகரிடம் சொல்வேன். அடுத்த கிழமையிலிருந்து அதை நானே கழற்றி எடுப்பேன்.

2. பின்னேரம் உன் வீட்டுக்குப் போவேன். அம்மா என்னை ஏசி முடிக்கும் மட்டும் குறுக்கே பேச மாட்டேன்.

3. "எனக்குத் தெரியும் அம்மா. சொல்லாம விட்டது என்ட பிழை." இரண்டே வசனம்.

4. ஏன் சொல்லவில்லை என்று கேட்பா. பொய் சொல்ல மாட்டேன். உன்னையும் இழுக்க மாட்டேன். அந்த இடத்தில் என் நாக்குக்காக ஜெபிக்க நீ இல்லை. ஆண்டவரிடம் நானே கேட்டுக்கொள்வேன்.