அத்தையால் படி ஏற முடியாது

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாவி மீட்டர் பெட்டிக்குள். மணியடித்து அத்தையை எழுப்ப வேண்டாம்.

அவர் டிக்கெட்டை மாற்றிவிட்டேன். நீங்கள் போட்டதில் இரண்டு விமானத்துக்கும் நடுவே ஒரு மணி நேரம்தான். வீல்சேர்காரர்களைக் கடைசியில்தான் இறக்குவார்கள். அதற்குள் அடுத்தது பறந்திருக்கும். இப்போது போதுமான நேரம் இருக்கிறது.

விமானத்துப் படி ஏறுவாரா என்று விமானக் கம்பெனிக்காரர்கள் போனில் கேட்டதற்கு, "எங்கம்மா நல்லா ஏறுவாங்க" என்று வீறாப்பாகச் சொல்லியிருந்தீர்களே, அதையும் "முடியாது" என்று மாற்றச் சொல்லிவிட்டேன். நேற்று அதை மாற்றலாம் என்றதற்குத்தானே அந்தக் குதி குதித்தீர்கள். அந்தச் சத்தமெல்லாம் அத்தை காதில் விழுந்திருக்கிறது.

இன்று காலை நீங்கள் வேலைக்குப் போன பிறகு கதவைத் திறந்தால், மாடிப்படியில் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார், எழுந்திருக்க முடியாமல். "ஏறுவேன்னு புள்ள சொல்லிட்டானே, அவன் பேச்சு பொய்யாகக் கூடாதுல்ல. அதான் பழகிப் பாக்கறேன்" என்றார்.

கைத்தாங்கலாகக் கூட்டிவந்து படுக்க வைத்திருக்கிறேன். முழங்கால் வீங்கியிருக்கிறது. தைலம் ஜன்னலோரம், தேய்த்துவிடுங்கள். எதுவும் கேட்காதீர்கள்.

பி.கு: "முடியாது" என்று மாற்றியது நீங்கள்தான் என்றே சொல்லுங்கள். நான் என்று தெரிந்தால் நாளைக்கும் படிக்குப் போவார்.