ஏழு இழைகள்

அன்புள்ள மதி,

கண்காட்சியில் உன் சால்வையை எல்லோரும் பாராட்டினார்களாம். சந்தோஷம்.

முதலில் கண்காட்சிக்காரர்கள் தேர்ந்தெடுத்தது என் சால்வையைத்தான். அனுப்ப வேண்டிய வாரத்தில், நாம் இருவரும் நெய்யும் டன்லப் ஸ்திரீட் அறையில் என் தறியில் ஏழு பாவு நூல்கள் அறுந்து கிடந்தன. நீதான் முதலில் பார்த்தாய். "பழைய நூலுடி, ரொம்ப இழுத்துக் கட்டிட்டே. அழாதே லா, நான் இருக்கேன்ல" என்றாய். இரண்டு நாள் கிளமெண்டி வீட்டிலிருந்து காலையிலேயே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் புது நூல் முடிந்து கொடுத்தாய். அப்படியும் துணியில் கோடு விழுந்துவிட்டது. என் இடத்தில் உன் சால்வை போனது.

அந்தத் துணி வீணாக வேண்டாமென்று நேற்று தலையணை உறை தைக்க எடுத்தேன். பின்பக்கம் தொங்கிய பழைய நுனிகளை நறுக்கப் போனபோதுதான் கவனித்தேன். தானாக அறுந்த நூல் நுனியில் பிசிறு இருக்கும். புதிதாகக் கற்க வருகிறவர்களிடம் நீயே அதைச் சொல்வாய். என் ஏழு நுனிகளிலும் ஒரு பிசிறுகூட இல்லை.

அந்த அறைக்கு இரண்டே சாவிகள்.

ஏன் என்று கேட்க மாட்டேன். கேட்டால் நீ பொறுமையாக ஏதாவது சொல்வாய், நானும் நம்பிவிடுவேன். சனிக்கிழமை தறியை எடுத்துப்போக ஆள் வருகிறது. நீ அப்போது அங்கே இருக்காதே.

வெட்டியதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன் போலிருக்கிறது. அதன்பிறகு இரண்டு நாளும் என் முதுகைத் தடவிக்கொடுத்தாயே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இப்படிக்கு,
உன் தோழியாக இருந்தவள்